எழும்பூர்த் தோட்டமும் நுங்கம்பாக்கத் தூணும்



வானத்தை ஆராயும் நிலையம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? மலையுச்சியில் ஒரு வெண்ணிறக் குமிழ்மாடம். அதனுள்ளே பீரங்கியைப் போன்ற பெருந் தொலைநோக்கி. அதனைச் சுற்றிப் பட்டம் பெற்ற அறிஞர் கூட்டம். அரசாங்கத்தின் பொருளுதவியும் ஆணையும் இன்றி இத்தகைய நிலையம் எழுவதில்லை என்றே நம்மில் பலர் கருதுகின்றோம். ஆயின், மேனாட்டு முறையில் அமைந்த வான்நோக்கு நிலையம் நம் நாட்டில் முதன்முதலாக எழுந்த இடம் மலையுச்சியன்று. அது சென்னை எழும்பூரில் ஒரு வீட்டுத் தோட்டம். அதனை எழுப்பியது அரசாங்கமுமன்று. ஓய்வு நேரத்தில் விண்மீன்களைப் பார்ப்பதில் இன்பங் கண்ட ஒரு தனிமனிதர். அந்தத் தோட்டத்து நிலையம் எவ்வாறு அமைந்தது, எதற்காக அமைந்தது, அதன் பிற்கால வரலாறு யாது, வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கிக்கு ஓர் இல்லம் கட்ட விரும்பும் நமக்கு அது கற்பிக்கும் பாடம் யாது என்பனவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துச் சென்னையை முதலில் எண்ணிப் பாருங்கள். இன்றுள்ள துறைமுகம் அன்று இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று, ஆட்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கும். சோழமண்டலக் கடற்கரை முழுவதும் மணலாகவும் தாழ்நிலமாகவும் இருத்தலின், தொலைவிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு ஊருக்கும் ஊருக்கும் வேற்றுமை தெரிவதரிது. கப்பல் எங்கே இருக்கின்றது என்று அறிய இரண்டு அளவுகள் வேண்டும். அவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆகும். அட்சரேகையைக் காண்பது எளிது. துருவ மீன் தொடுவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றதோ, ஏறக்குறைய அத்தனை பாகையே அவ்விடத்தின் அட்சரேகை. சென்னையில் அது 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகை. தீர்க்கரேகையோ அவ்வளவு எளிதில் கைப்படுவதன்று. அது காலத்தோடு பிணைந்தது. பூமி 24 மணியில் ஒரு முறை சுழல்வதால், ஒரு மணிக்கு 15 பாகை திரும்புகின்றது. கிரீன்விச்சில் இப்பொழுது என்ன மணி, நான் நிற்கும் இடத்தில் என்ன மணி என்னும் இரண்டையும் அறிந்தால், அவற்றின் வேறுபாடே தீர்க்கரேகையாகும். கணக்கு எளியதுதான். ஆயினும், காலத்தில் ஒரு வினாடி பிழைத்தால் சென்னையின் அட்சரேகையில் ஏறத்தாழ 450 மீட்டர் பிழை நேரும். ஒரு நிமிடம் பிழைத்தால் 27 கிலோமீட்டர் தவறிவிடும். இருளில் கரையை நெருங்கும் கப்பலுக்கு அது உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட தொலைவு.

அக்காலத்தில் காலத்தைத் திருத்தமாக அறிய விண்மீன்களைவிடச் சிறந்த கடிகாரம் வேறில்லை. கப்பலின் கடிகாரம் கடற்பயணத்தில் முந்தலாம், பிந்தலாம். துறையை அடைந்ததும் அதனைத் திருத்திக்கொள்ள, தீர்க்கரேகை நன்கு அறியப்பட்ட ஓரிடமும், அவ்விடத்துக் காலத்தை நாள்தோறும் விண்மீன்களைக் கொண்டு சரிபார்க்கும் ஒருவரும் கரையில் இருத்தல் வேண்டும். சென்னையில் அத்தகைய இடத்தை முதலில் உண்டாக்கியவர் வில்லியம் பெட்ரி. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். பிற்காலத்தில், 1807ஆம் ஆண்டில், சில திங்கள் சென்னையின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். பின்னர்ப் பினாங்குத் தீவின் ஆளுநராகி 1816இல் அங்கேயே மறைந்தார். அலுவலால் அவர் ஆட்சியாளர், ஆர்வத்தால் வானியலர். 1786ஆம் ஆண்டில், எழும்பூரில் இருந்த தம் இல்லத்தை ஒட்டித் தம் சொந்தச் செலவிலேயே ஒரு நிலையத்தை அமைத்தார்.

ஐந்தாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், பாத் என்னும் ஊரில் இசை கற்பித்து வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷெல் என்பவர், தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் வழியே யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். அத் தொலைநோக்கியும் அவர் தம் கையாலேயே செய்தது. சூரிய குடும்பத்தின் எல்லையையே இருமடங்காக விரித்த அந்தக் கண்டுபிடிப்பு, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நிகழ்ந்தது. வீட்டுத் தோட்டத்திலிருந்தும் உலகறியும் பணியைச் செய்யலாம் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பெட்ரியின் நிலையத்தைக் காண்போம். அது இரும்பும் மரமும் கொண்டு கட்டப்பட்டது. அதனுள்ளே மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, ஊசல் கடிகாரங்கள் இரண்டு, சிறந்ததொரு கடப்புக் கருவி ஆகியன இருந்தன. மூன்று அங்குலம் என்பது கண்ணாடி வில்லையின் குறுக்களவு. இன்று பள்ளி மாணவர் ஒருவர் வைத்திருக்கும் தொலைநோக்கியும் அவ்வளவு இருக்கக்கூடும். ஆகவே, பெட்ரியின் நிலையம் பயன்பட்டமைக்குக் காரணம் தொலைநோக்கியின் பருமனன்று. கருவியை அசையாது நிறுத்தியதும், நல்ல கடிகாரங்களை அருகில் வைத்ததும், பார்த்ததைத் தவறாது பதிந்ததுமே காரணம்.

கடப்புக் கருவி என்று சொன்னேன். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால், வான்நோக்கு நிலையத்தின் கட்டட இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும். வடக்கிலிருந்து நம் தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் ஒரு கோட்டை வானத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனை உச்சிவட்டம் என்பர். ஒவ்வொரு விண்மீனும் கிழக்கே எழுந்து மேற்கே சாயும்போது இந்தக் கோட்டை ஒருமுறை கடக்கின்றது. கடப்புக் கருவி வடக்கு தெற்காக மட்டும் ஏறி இறங்கும். கிழக்கிலும் மேற்கிலும் திரும்பாது. அதன் பார்வையில் மெல்லிய இழைகள் பூட்டப்பட்டிருக்கும். குறித்த விண்மீன் நடு இழையைக் கடக்கும் நொடியில், பார்ப்பவர் கடிகாரத்தின் ஒலியைச் செவியால் எண்ணிக்கொண்டே, கண்ணால் அந்நொடியைக் குறித்துக்கொள்வார். அந்த விண்மீன் கடக்க வேண்டிய நேரம் அட்டவணையில் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கடிகாரத்தின் பிழை. இவ்வளவே வேலை. இதற்குக் குமிழ்மாடம் வேண்டுவதில்லை. கூரையில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட பிளவும், அதனை மூடித் திறக்க ஒரு பலகையும் இருந்தால் போதும்.

ஆனால் ஒன்று மட்டும் தவறாமல் வேண்டும். கருவி நிற்கும் பீடம் அசையக் கூடாது. தொலைநோக்கி விண்மீனை நூறு மடங்கு பெருக்கிக் காட்டுமாயின், தன் பீடத்தின் நடுக்கத்தையும் நூறு மடங்கு பெருக்கிக் காட்டும். அறையில் ஒருவர் நடந்தால் தரை அதிரும். தெருவில் வண்டி போனால் சுவர் அதிரும். ஆகவே பீடம் தரையையும் தொடக் கூடாது. சுவரையும் தொடக் கூடாது. அது தனக்கென்று தோண்டிய அடித்தளத்திலிருந்து எழுந்து, தரையில் விட்ட துளையின் வழியாகத் தனித்து மேலே வரவேண்டும். கட்டடம் என்பது பீடத்தைச் சுற்றிப் போட்ட போர்வையே. கோவிலில் மூலவரைச் சுற்றி மண்டபம் எழுவதுபோல, இங்கே பீடத்தைச் சுற்றி அறை எழுகின்றது. முதலில் பீடம், பின்னர்க் கட்டடம் என்பதே இத்துறையின் முதல் விதி.

பெட்ரி 1789ஆம் ஆண்டில் தாயகம் திரும்ப நேர்ந்தது. தாம் பேணிய கருவிகளை என் செய்வது? விற்றிருக்கலாம், உடன் கொண்டு சென்றிருக்கலாம். அவர் அவற்றைக் கம்பெனி அரசுக்குக் கொடையாக அளித்தார். நம் நாட்டு வானியல் வரலாற்றின் திருப்பம் இந்தக் கொடையே. கடற்கரை அளவாய்வாளராக இருந்த மைக்கேல் டாப்பிங் என்பவர், இக்கருவிகளை அரசு ஏற்று நிலையான நிலையம் ஒன்று அமைக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் வகுத்த அமைப்பின்படி 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. நாற்பதடி நீளமும் இருபதடி அகலமும் கொண்ட ஒரே கூடம் அது. அதன் நடுவே கடப்புக் கருவியைத் தாங்க, பத்து டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. எழும்பூர்த் தோட்டத்தில் மரமும் இரும்புமாய் இருந்தது, நுங்கம்பாக்கத்தில் கல்லாய் நிலைபெற்றது.

அத் தூணில் இலத்தீனிலும் தமிழ், தெலுங்கு முதலிய நம் மொழிகளிலும் கல்வெட்டுப் பொறித்தார்கள். மன்னர் தம் கொடையையும் வெற்றியையும் கல்லில் வெட்டி வைப்பது நம் நாட்டு மரபு. விண்மீன் ஆராய்ச்சிக்கு ஓர் இல்லம் எடுத்த செய்தியும் அவ்வாறே தமிழ் எழுத்தில் கல்லேறியது. அந்தக் கூடம் இன்று இல்லை. தூண் மட்டும் நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கின்றது. அவ்வழியே செல்வோருள் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பார்கள்? மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத் தக்க கற்களுள் அது ஒன்று என்பது என் துணிபு.

அத் தூணின்மேல் நடந்த வேலை சிறிதன்று. பெட்ரியின் உதவியாளராக இருந்து, டாப்பிங்கின் மறைவுக்குப் பின்னர் நிலையத்தின் தலைமை ஏற்ற ஜான் கோல்டிங்ஹாம், வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரங்களை நெடுங்காலம் பார்த்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அக் கணக்கின்படி அது 80 பாகை 18 கலை 30 விகலை. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்குச் சென்னை நிலையமே தீர்க்கரேகையின் தொடக்கமாயிற்று. பின்னாளில் இருப்புப்பாதைகள் நாடெங்கும் பரவியபோது, வண்டிகள் ஓடியதும் சென்னை நேரத்தைக் கொண்டே. அது கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதுவரையில் நாட்டின் பல பகுதிகளில் நிலையங்களின் கடிகாரங்கள் சென்னையையே பின்பற்றின.

கணக்கில் ஆர்வமுள்ள நேயர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். 80 பாகை 18 கலை 30 விகலையை, பாகைக்கு நான்கு நிமிடமாக மாற்றிப் பாருங்கள். சரியாக 5 மணி 21 நிமிடம் 14 வினாடியே வரும். இன்றைய அளவின்படி நுங்கம்பாக்கத்தின் தீர்க்கரேகை 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பழைய கணக்கு ஏறத்தாழ 15 வினாடி மிகுதி. நிலத்தில் அளந்தால் ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதனைக் கேட்டு அம் முன்னோரை எள்ளுதல் தகாது. துணைக்கோள் ஒன்று வியாழனின் நிழலில் புகும்போது விளக்கு அணைவதுபோல் சட்டென்று மறைவதில்லை. சிறுகச் சிறுக மங்கி மறைகின்றது. அந்த மங்கலில் எந்த நொடியை மறைவென்று கொள்வது? சிறிய தொலைநோக்கிக்கு முன்னதாகவும் பெரியதற்குப் பின்னதாகவும் அது மறையும். தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில், கடல்களுக்கு அப்பாலுள்ள இரண்டு ஊர்களின் நேரத்தை அவர்கள் கால் நிமிடத்திற்குள் ஒப்பிட்டுவிட்டார்கள் என்பதே வியக்கத்தக்கது.

இந்நிலையத்தில் நம்மவர் பங்கு யாது என்று நீங்கள் கேட்பீர்கள். கணிப்பதில் நம் பஞ்சாங்கத்தார் பிறருக்கு இளைத்தவர் அல்லர். 1825இல் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், இதே நிலையத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தவர். புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக அறிந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் கண்டு எழுதியுள்ளார். எழுதுகோலும் ஏடுமின்றி அக்கணக்கு முடிந்தது. கணக்கு நம்மிடம் இருந்தது. கணித்ததை இரவுதோறும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கந்தான் அருகியிருந்தது. அதற்குரிய இடமே வான்நோக்கு நிலையம். அங்கே பயின்று இரண்டு திறனையும் ஒருங்கே பெற்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கக் கணித மரபில் தோன்றிச் சென்னை நிலையத்தில் உதவியாளராக உழைத்த இவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தெற்கு வானத்தில் கண்டறிந்தார். சென்னையில் அது உச்சிவட்டத்தைக் கடக்கும்போதும் தொடுவானத்திற்கு மேல் 14 பாகையே உயரும். கிரீன்விச்சிலோ அது எழுவதேயில்லை. தெற்கே தாழ்ந்த வானமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிலையம் அமைந்தமையின் பயன் அது. 1872இல் இலண்டன் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகள் பலவற்றில் அவர் எழுதிய சிறு நூல் வெளிவந்தது. 1880இல் அவர் மறைந்தார்.

பெட்ரியின் வழியில் வீட்டிலேயே நிலையம் அமைத்த இந்தியரும் உளர். விசாகப்பட்டினத்தில் கோடே வெங்கட ஜக்காராவ் என்னும் செல்வர் 1840இல் தம் இல்லத்தில் ஒன்றை நிறுவினார். சென்னை நிலையத்தின் தலைவராக இருந்த டெய்லரிடம் வானியல் பயின்றவர் அவர். 1856இல் அவர் மறைந்தார். அவருடைய மருமகனார் நரசிங்கராவ், கருவிகள் துருவேற விடாமல் அப்பணியைத் தொடர்ந்தார். 1868இன் சூரிய கிரகணத்தையும் 1874இன் வெள்ளிக் கடப்பையும் பார்த்துக் குறிப்பெழுதினார். 1892இல் அவரும் மறைந்தார். இரண்டு தலைமுறை கண்ட அந்நிலையத்தின் சிறந்த காலமும் அவரோடு முடிந்தது. ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங், 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்து, 1901இல் தம் பண்ணையில் நிலையம் தொடங்கினார். 1907இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே நிஜாம் அரசு அதனை ஏற்றது. விண்மீன்களைப் படமெடுத்து அட்டவணையாக்கும் பன்னாட்டுப் பெருவேலையில் அது பின்னர்ப் பங்கு கொண்டது.

இவர்கள் யாவரும் செல்வர். ஏழைக்கு இதில் இடமுண்டோ என்று ஐயுறுவோர் இராதாகோவிந்த சந்திரரின் வரலாற்றைக் கேட்க வேண்டும். வங்காளத்து ஜெசூரில் கருவூலத்தில் பணம் எண்ணும் எளிய வேலை பார்த்தவர் அவர். பள்ளி இறுதித் தேர்வில் மும்முறை தோற்றவர். 1912இல் அரிதிற் சேர்த்த பணத்தில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். பெட்ரியின் கருவிகளின் அளவும் அதுவே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தம் வீட்டிலிருந்தே இரவுதோறும் ஒளி மாறும் விண்மீன்களைப் பார்த்து, அவற்றின் ஒளியளவை மதிப்பிட்டு, அமெரிக்காவிலுள்ள மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்திற்கு அனுப்பிவந்தார். 1954 வரையில் அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,215. அவருடைய உழைப்பைக் கண்ட அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தது. அவர் வேலை முடிந்தபின் அத் தொலைநோக்கி வைணு பாப்புவின் கைக்கு வந்து, நம் தமிழ்நாட்டுக் காவலூரை அடைந்தது. தேர்வு தோற்றவர் என்று உலகம் சொன்ன ஒருவரின் கண்ணை, உலகத்து வானியலார் பல ஆண்டுகள் நம்பினார்கள். மாணவர்க்குச் சொல்லத் தக்க செய்தி இதனினும் வேறுண்டோ?

இத்துணையும் கேட்டபின், நம் வீட்டிலும் ஒன்று அமைத்தாலென்ன என்று சில நேயர்களுக்குத் தோன்றக்கூடும். அவர்களுக்காக, வரலாறு கற்பித்த கட்டட விதிகளை நம் நாட்டு நிலைக்கேற்பத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, திசை. காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மையான வடக்கினின்று சிறிது விலகும். அருகில் இரும்பிருப்பின் மேலும் விலகும். நம் சிற்பிகள் கோவிலுக்குத் திசை காணும் முறையே சாலச் சிறந்தது. சமனான தரையில் ஒரு வட்டம் வரைந்து, நடுவே சங்கு எனப்படும் முளையை நேராக நட வேண்டும். முற்பகலில் முளையின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக வரைவது வடக்கு தெற்குக் கோடு. காசு செலவில்லை, ஒரு பகற்பொழுதே செலவு.

இரண்டாவது, இடம். நம் பகுதியில் துருவ மீன் மிகத் தாழ்ந்திருப்பதால் வடதிசையில் மரமும் மாடியும் மறைத்தல் ஆகாது; கருவியின் அச்சைத் துருவத்தை நோக்கி அமைக்க அது வேண்டும். தென்திசையும் திறந்திருக்குமாயின், அகத்திய மீனும் தென்சிலுவையும் நன்கு புலப்படும். மாடியைவிடத் தரையே மேல். காரைத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரையில் உமிழும். அவ்வெப்பம் அலையலையாக எழுவதால் விண்மீன் நீரடியிற் கிடந்த காசுபோல் நெளியும். மாடியன்றி வேறிடம் இல்லையெனின், இரண்டு சுவர்கள் கூடும் மூலைக்கு மேலாகப் பீடத்தை நிறுத்துக.

மூன்றாவது, பீடம். ஆறு அங்குலத் தொலைநோக்கிக்கு மூன்று நான்கு அடி ஆழத்து அடித்தளம் நல்லது. கரிசல் மண்ணாயின், அது மழையில் பெருத்து வெயிலில் வெடிக்கும் இயல்புடையதால் இன்னும் ஆழமாகச் செல்ல வேண்டும். பீடத்திற்கும் அறைத் தரைக்கும் இடையே சுற்றிலும் இரண்டு விரற்கடை இடைவெளி விடுக. கொத்தனார் அவ்விடைவெளியைப் பிழையென்று எண்ணிப் பூசிவிட முற்படுவார். அருகிருந்து காரணத்தைச் சொல்லித் தடுக்க வேண்டும்.

நான்காவது, சுவரும் கூரையும். தடித்த செங்கற்சுவர் வேண்டா. மெல்லிய பலகையும் தகடுமே போதும். அவை வெயில் மறைந்ததும் விரைவில் குளிரும். புறத்தே வெள்ளை பூசுக. கதிரவன் மறைந்தவுடன் கூரையைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுக. பத்தடிச் சதுர அறையே ஓர் ஆளுக்கும் ஒரு கருவிக்கும் போதும். குமிழ்மாடம் அழகியது, செலவும் மிகுந்தது. தண்டவாளத்தின்மேல் சக்கரம் பூட்டி, கூரை முழுவதையும் தள்ளிவிடும் அமைப்பு எளியது. ஆனால் அக்கூரையை வடக்கே தள்ளினால் தாழ்ந்த துருவ மீனை மறைத்துவிடும். கிழக்கிலோ மேற்கிலோ தள்ளுவதே நமக்கு ஏற்றது. ஐப்பசி கார்த்திகையில் புயலடிக்கும் கடற்கரை நாடு இது. கூரையைச் சுவரோடு பிணைக்கக் கொக்கிகள் நான்கு மூலையிலும் தவறாது வேண்டும்.

ஐந்தாவது, பேணுதல். ஈரக் காற்றில் கண்ணாடி வில்லையின்மேல் பூசணம் படரும். பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொடியிட்டு மூடி வைக்க வேண்டும். மரச்சட்டங்கள் மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும், கல்லின்மேல் அமர்த்துக. உள்ளே மங்கிய சிவப்பு விளக்கு ஒன்றே போதும். வெண்ணிற ஒளி பட்ட கண் இருளுக்குப் பழக நெடுநேரமாகும்.

இவ்வைந்தும் கட்டடத்தின் விதிகள். ஆனால், இன்று நான் கூறிய வரலாறுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தால், கல்லிலும் மரத்திலும் அடங்காத விதிகள் மேலும் இரண்டு உண்டு என்பது புலனாகும். ஒன்று, குறிப்பேடு. வீட்டில் தொலைநோக்கி வைத்திருந்தோர் எண்ணற்றோர். நிலவையும் சனிக்கோளின் வளையத்தையும் விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி அவ்விரவோடு முடிந்தது. நாளும் நேரமும் இட்டுப் பார்த்ததைப் பார்த்தவாறே பதிந்தவரின் உழைப்பு மட்டுமே நிலைத்தது. சந்திரரின் மூன்று அங்குலக் கண்ணாடியைப் பெருமைப்படுத்தியது அவருடைய குறிப்பேடே. மற்றொன்று, கைம்மாற்றம். தனிமனிதர் அமைத்த நிலையம் அவருடைய ஆயுளுக்கு மேல் வாழ வேண்டுமாயின், அடுத்து ஏற்பவர் யார் என்று அவர் தம் கண் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்தல் வேண்டும். விசாகப்பட்டினத்தில் மருமகனார் ஏற்றார். ஒரு தலைமுறை நீடித்தது. ஐதராபாத்தில் அரசு ஏற்றது, மேலும் நீடித்தது. பெட்ரியோ தாம் உயிரோடிருக்கும்போதே கொடுத்தார். அக்கொடையினின்று நுங்கம்பாக்கம் எழுந்தது. 1899இல் வானியல் வேலை கொடைக்கானல் மலைக்கு மாறியது. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் கழகம் தன் தோற்றத்தை எழும்பூர்த் தோட்டத்தினின்றே எண்ணுகின்றது. காவலூர் நிலையமும் அக்கழகத்தைச் சேர்ந்ததே. ஆகவே ஜெசூரில் ஓர் எளிய வீட்டிற்கு வந்த தொலைநோக்கியும், எழும்பூரில் ஒரு செல்வரின் தோட்டத்தில் தொடங்கிய பணியும், முடிவில் ஒரே இல்லத்தில் வந்து கூடின.

நகரங்களில் இன்று விளக்கொளி வானத்தை வெளுக்கச் செய்துவிட்டது. எழும்பூரிலிருந்து பெட்ரி கண்ட வானம் எழும்பூருக்கு இனி மீள்வதரிது. ஆயினும் கிராமங்களில் இருள் இன்னும் எஞ்சியிருக்கின்றது. அங்கே பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளியின் பின்புறத்து நிலத்தில் பத்தடி இடமும், அசையாத ஒரு பீடமும், மூன்று அங்குலக் கண்ணாடியும், ஒரு தடித்த குறிப்பேடும் கிடைத்தால் போதும். ஓர் ஆசிரியர் மாறினாலும் அடுத்தவர் அதே ஏட்டின் அடுத்த பக்கத்தில் எழுதலாம். மார்கழி முடிந்து தை பிறந்தால், மழை ஓய்ந்த தெளிந்த இரவுகள் நமக்கு மூன்று நான்கு திங்கள் கிடைக்கும். பீடத்திற்கு அடித்தளம் தோண்டுவதற்கும் அதுவே ஏற்ற பருவம்.